மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. தடுப்பு எப்போது வரும்?

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், செய்யூர் வட்டத்தில் இருக்கிறது சூணாம்பேடு. இன்று செங்கல்பட்டு மாவட்டம். 2006-ல் காஞ்சிபுரம் மாவட்டம். அந்த ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்துக்காக சூணாம்பேட்டையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்த்து 42 கிராமங்களுக்குள் ஒரு வேன் வரத் தொடங்கியது. உள்ளே விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, இசிஜி, காலின் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் அளக்கும் கருவிகள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்பும் உண்டு. ஊர்த் திடலில் எடுத்த கண் படத்தைச் சென்னையில் இருக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்வார். டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டென்மார்க்கைச் சேர்ந்த உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவியோடு நடத்திய திட்டம் அது.

எல்லோர் கண்ணிலும் பட்டது வேன்தான். ஆனால் திட்டத்தைத் தோளில் சுமந்தவர்கள் உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள். இருபது வயதைக் கடந்த 27,014 பேரில் 23,449 பேரைச் சோதித்து முடித்தார்கள். நூற்றுக்கு 87 பேர். முகாம் போட்டு, பேனர் கட்டி, வருகிறவர்களை மட்டும் பார்த்திருந்தால் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. வீட்டில் இல்லாதவரைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவரை விடிவதற்குள் பிடிக்க வேண்டும். “எனக்கெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்பவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இதை ஊர்க்காரர்தான் செய்ய முடியும்.

சோதனையில் 1,138 பேருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அவர்களுக்கு ஊரிலேயே சிகிச்சை கிடைத்தது. கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஓராண்டுக்குள் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. மேல்சிகிச்சைக்குச் சென்னை பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. கிராமத்து ஏழைக்கு இவ்வளவு நுட்பமான நோயை ஊரிலேயே பார்க்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நேரடியான பதில்.

அதே சோதனையில் இன்னோர் எண்ணும் வந்தது: 3,410. இவர்களுக்கு நீரிழிவு இல்லை. ஆனால் ரத்தச் சர்க்கரை இருக்க வேண்டிய அளவிலும் இல்லை. ஆய்வகத்தில் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு “பார்டர்ல இருக்கு, ஒண்ணும் பயமில்ல” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள். நோயாளி ஒருவர் என்றால், நோயின் வாசலில் மூன்று பேர். இந்தக் கட்டுரை அந்த மூன்று பேரைப் பற்றியது. அவர்களுக்குத் தலைசுற்றல் இல்லை, தாகம் இல்லை, காலில் எரிச்சல் இல்லை. மருந்துச் சீட்டு இல்லாததால் எந்த மருந்தகத்தின் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நம் மருத்துவமனைகளின் வரிசையில் யார் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டால், முதலில் நிற்கப்போகிறவர்கள் இவர்கள்தான்.

இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் படம் மாறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் என்ற மாபெரும் ஆய்வு, எல்லா மாநிலங்களையும் சுற்றிவந்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டது. நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி. பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பக்கத்தில் கேரளத்திலும் புதுச்சேரியிலும் நான்கில் ஒருவர்.

தடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் 26,001 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நீரிழிவு என்று ஒரு நோய் இருப்பதே நான்கில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மருத்துவமனைகளுக்குப் பெயர்பெற்ற நகரத்தில் இந்த நிலை. அந்த நோயைத் தடுக்க முடியும் என்று சொன்னவர்கள் 22 சதவீதம்தான். ஏற்கெனவே நோய் வந்து மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்களில்கூடப் பாதிப் பேருக்கு மேல் அது தடுக்கக்கூடிய நோய் என்று நினைக்கவில்லை. உடல் பருமனையும் உடலுழைப்புக் குறைவையும் காரணமாகச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்.

மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை ஆய்வு நடத்தித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. நம் வீடுகளில் தினமும் கேட்கிற பேச்சு அது. “எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்துருச்சு.” “இனிப்பு தின்னா வரும், நான் தின்கிறதே இல்ல.” “மாத்திரையைத் தொட்டா கிட்னி போயிடும்.” தலையெழுத்து என்று நம்புகிறவர் நடக்க மாட்டார், இனிப்பு மட்டுமே குற்றவாளி என்று நம்புகிறவர் சோற்றைக் குறைக்க மாட்டார். தவறான நம்பிக்கை ஒவ்வொன்றுக்கும் உடலில் ஒரு விலை இருக்கிறது.

தடுக்க முடியும் என்பதற்குச் சான்று வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரை நான்கு பிரிவுகளாகப் பிரித்து மூன்றாண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு உணவு, நடை குறித்த தொடர்ந்த வழிகாட்டல். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். 2006-ல் முடிவு வெளியானது. பொது அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. வழிகாட்டல் பெற்றவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் போட்டவர்களில் 40.5. இரண்டையும் செய்தவர்களில் 39.5. நடையும் உணவும் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இன்னொரு செய்தியும் அதற்குள் இருந்தது. வழிகாட்டல் பெற்றவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. அப்படியும் நோய் தள்ளிப்போனது. “நடந்து நடந்து பார்க்கிறேன், எடை குறையவே இல்லை, எதுக்கு நடக்கணும்?” என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

அதே ஆய்வில் பொது அறிவுரையோடு மட்டும் விடப்பட்டவர்களில் மூன்றே ஆண்டுகளில் பாதிப் பேருக்கு மேல் நோய்க்குள் போய்விட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். “ஒண்ணும் பயமில்ல” என்று அனுப்புகிற பார்டர் நிலையின் உண்மையான வேகம் அது.

பிறகு வந்த ஆய்வுகள் அடுத்த கேள்விக்குப் போயின: மருத்துவமனைக்கு வெளியே, சாதாரண மனிதர்கள் சொல்லிக்கொடுத்தால் நடக்குமா? சென்னையில் 578 பேரோடு நடந்த டி-கிளிப் ஆய்வு வாரந்தோறும் வகுப்பு வைத்தது. பாடம் நடத்தியவர்களோடு, அந்தச் சமூகத்திலிருந்தே வந்த சாதாரண மனிதர்களும் துணை நின்றார்கள். தேவைப்பட்டவர்களுக்குப் பிறகு மெட்ஃபார்மினும் சேர்க்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் நோய் வரும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது இன்னோர் ஆய்வு. தென்னிந்தியாவில் 537 ஆண்களுக்குத் தொடர்ந்து நினைவூட்டல் செய்திகள் போயின. இரண்டாண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. ஒரு குறுஞ்செய்தியின் செலவில் கிடைத்த பலன் இது.

ஒரே நகரம், இரண்டு குடியிருப்புகள்

இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மனத்தை விட்டு நீங்காத ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதியில் டாக்டர் மோகன் குழுவினர் சென்னையில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று திருமங்கலம் பகுதியில் இருக்கும் ஆசியாட் காலனி. நடுத்தர வருவாய்க் குடும்பங்கள். மற்றது தி.நகரில் உள்ள குறைந்த வருவாய்க் குடியிருப்பு. வீடு வீடாகச் சோதித்ததில் நடுத்தரக் குடும்பங்களில் 12.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஏழைக் குடும்பங்களில் 6.5 சதவீதம். உழைப்பவருக்குச் சர்க்கரை வராது, அது வசதியானவர்களின் நோய் என்று அப்போது எல்லோரும் சொன்னதற்கு ஏற்ப இருந்தன எண்கள்.

ஆசியாட் காலனியில் கூட்டங்கள் நடந்தன, காணொளிகள் காட்டப்பட்டன. உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லப்பட்டது. எங்கே செய்வது? நடக்க இடம் இல்லை. அந்தக் குடியிருப்பு மக்கள் கைப்பணத்தைப் போட்டு, நிதி திரட்டி, நடைபாதையோடு ஒரு பூங்காவைத் தாங்களே கட்டினார்கள். தொடக்கத்தில் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோது 58.7 சதவீதம். அறிவுரையை மட்டும் கொண்டு இப்படி ஒரு மாற்றம் நடந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. நடக்க இடம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நடப்பது கண்ணில் பட்டது. நம் காசில் கட்டியது என்ற உரிமையும் சேர்ந்தது.

பத்தாண்டு கழித்து இரண்டு குடியிருப்புகளையும் மறுபடி சோதித்தார்கள். ஆசியாட் காலனியில் நீரிழிவு 15.4 சதவீதம் ஆகியிருந்தது, கால்வாசி உயர்வு. குறைந்த வருவாய்க் குடியிருப்பில் 6.5-லிருந்து 15.3 சதவீதத்துக்குப் போயிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். பத்தே ஆண்டில் ஏழையும் நடுத்தரக் குடும்பமும் நோயில் சமமாகிவிட்டார்கள். பூங்கா ஒன்றுதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது; வருமானம், வேலை, உணவு என்று பல இழைகள் பின்னியிருக்கின்றன. ஏழைகள் முன்பு நடந்த தூரத்தை மோட்டார் சைக்கிளும் ஷேர் ஆட்டோவும் எடுத்துக்கொண்டன. கையால் செய்த வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டது. ஆனால் நோய் வசதியான இடத்திலிருந்து வசதியற்ற இடத்துக்கு நகர்ந்தபோது, கூட்டமும் பூங்காவும் கூடவே நகர்ந்தனவா என்று கேட்க வேண்டும். நகரவில்லை என்பதுதான் என் பதில்.

ஏழைக்கு வரும் நீரிழிவு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. வசதியுள்ளவர் வருடம் ஒருமுறை முழு உடல் பரிசோதனையில் கண்டுபிடிப்பார். கட்டட வேலைக்குப் போகிற பெண், காலில் முள் குத்திய இடம் ஆறாமல் புரையோடிய பிறகு அரசு மருத்துவமனையில் கண்டுபிடிப்பார். அந்தக் காலோடு அந்த வீட்டின் கூலியும் போகிறது.

வாசலுக்கு வந்தது என்ன?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. எழுந்து நடக்க முடியாதவருக்கு இயன்முறைப் பயிற்சி, வலியோடு படுத்திருப்பவருக்கு ஆதரவுச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் திரவப் பைகள். இதன் முதுகெலும்பு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அந்தப் பெருமைக்குத் தகுதியான திட்டம்தான். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காசு தேடி, கடைசியில் மாத்திரையையே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கிராமத்துச் செவிலியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

திட்டம் தேவைப்பட்ட காரணத்தை ஒரு கணக்கெடுப்பு முன்பே காட்டியிருந்தது. 2020-ல் தமிழ்நாடு முழுவதும் தொற்றா நோய்கள் குறித்து எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம் மட்டுமே. திட்டம் வந்தபின் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் அது 16.7 சதவீதமாக உயர்ந்தது. உயர்வு உண்மையானது. ஆனால் இன்னும் ஆறு பேரில் ஐந்து பேர் கட்டுக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. மாத்திரையைக் கொடுப்பது முதல் படி. அதை ஏன் போட வேண்டும், எதைத் தின்றால் அந்த மாத்திரையின் வேலை வீணாகும், கால் மரத்துப்போனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை உட்கார்ந்து பேச ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

பார்டரில் இருப்பவர் கதை இன்னும் மோசம். அவருக்குக் கொடுக்க தன்னார்வலரின் பையில் எதுவும் இல்லை. தன்னார்வலர் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்.

தாண்டிப் போகாமல் இருக்க என்ன வேண்டும்? ஓர் அளவு நாடாவும் நான்கு கேள்விகளும் போதும். இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்று ஒன்றை 2005-லேயே சென்னையில் உருவாக்கிவிட்டார்கள். வயது என்ன, இடுப்புச் சுற்றளவு என்ன, உடலுழைப்பு எப்படி, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா. மொத்தம் நூறு மதிப்பெண். 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், ரத்தம் சோதிக்க வேண்டும். தையல் மெஷின் முன்னால் நாளெல்லாம் உட்காரும் 52 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 30. இடுப்பு 86 சென்டிமீட்டர், அதற்கு 10. உடற்பயிற்சியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை, அதற்கு 30. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, அதற்கு 10. மொத்தம் 80. வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. ஆனால் அந்த 80-ல் 40 மதிப்பெண் இடுப்பிலும் உழைப்பிலும் இருக்கிறது. அது அவர் கையில் இருக்கிறது. இந்தக் கணக்கை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நாடாவை அவர் கையிலேயே கொடுத்துப் போட்டுக்காட்டினால், அரை மணி நேரச் சொற்பொழிவைவிட ஆழமாக மனத்தில் இறங்கும்.

தன்னார்வலர்களில் பெரும்பாலோர் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். குழுக்கள் சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் எப்படியும் கூடுகின்றன. வகுப்புக்கு இடம் தேட வேண்டாம், ஆள் சேர்க்க வேண்டாம், நம்பிக்கையைப் புதிதாக உருவாக்க வேண்டாம். சென்னை ஆய்வில் வாரந்தோறும் நடந்த பாடத்தைக் குழுக் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்துக்கு ஏற்பச் சுருக்கிக் கொடுத்தால் போதும். ஆனால் இதைத் தன்னார்வலரின் தலையில் இன்னொரு சுமையாகக் கட்டக்கூடாது. இப்போதே அவர்கள் பெறுவது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பத்து மணிக்கு முன் இத்தனை வீடு, கைப்பேசிச் செயலியில் இத்தனை பதிவு என்று அளக்கப்படுகிற வேலையில், உட்கார்ந்து பேசிய நேரத்துக்குக் கணக்கே இல்லை. கற்பிப்பதையும் வேலையாக எண்ணி, அதற்கும் ஊதியம் கொடுக்க வேண்டும்.

சோற்றைப் பற்றிப் பேசாமல் முடியாது

எந்த ஊர்க் கூட்டத்திலும் முதல் கேள்வி இதுதான்: “அப்ப என்னதான் சாப்பிடறது?” இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

இந்தியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. இந்தியர்களின் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை. புரதம் குறைவு. நம் வீடுகளுக்கு உறைக்க வேண்டிய ஒரு முடிவும் அதில் இருந்தது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால், தயிர் போன்றவற்றின் புரதமாக மாற்றினால் குறைகிறது.

ராத்திரி நான்கு சப்பாத்தி என்பது எத்தனையோ குடும்பங்களில் சர்க்கரைக்கான மருந்துபோல நடக்கிறது. கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்களும் அதிகம். சிறுதானியத்தை நான் மதிக்கிறேன். அது நம் மண்ணின் உணவு, சத்தும் உண்டு. ஆனால் சொம்பு நிறையக் கூழும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். தட்டில் சோறு கால் பங்கு, பருப்போ பயறோ முட்டையோ மீனோ கால் பங்கு, காய் பாதி என்று காட்டினால் கேட்கிறவருக்குக் கணக்கு புரியும்.

புரிந்தாலும் செய்ய முடியுமா? இங்கேதான் அறிவுரை அரசின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. 2011-லிருந்து ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசியை விரட்டிய அரிசி அது. அதில் கைவைக்கச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2007-லிருந்து துவரம் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் கிடைக்கின்றன. பருப்பு, அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கிராம். அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள் என்று சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர், மளிகைக் கடையில் பருப்பு விற்கும் விலையைத் தெரிந்துகொண்டேதான் அதைச் சொல்கிறார். 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அட்டைக்கு இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல முயற்சி. அதற்கு அடுத்த படியாக பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் ரேஷன் கடைக்கு வர வேண்டும் என்று உரக்கவே கேட்கிறேன்.

நடையும் அப்படித்தான். 2023 நவம்பரில் தொடங்கி 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மாவட்டத்துக்கு ஒன்று. நெடுஞ்சாலை ஓரத்துக் கிராமத்தில் லாரிக்கு ஒதுங்கவே இடமில்லாதபோது அந்தப் பாதை வெகுதூரம். பெண்களுக்கு இன்னொரு தடை. விடியற்காலையில் ஒரு பெண் தனியாகக் கைவீசி நடந்தால், “வேலை வெட்டி இல்லையா?” என்று கேட்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் அந்தக் கேள்வி அடங்கிவிடும்.

நெய்யாற்றின்கரையில் என்ன நடந்தது?

சேர்ந்து போவதை மையமாக வைத்தே ஒரு திட்டம் கேரளத்தில் நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், ஆபத்து அதிகமுள்ள 1,007 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பகுதிகளில் குழுக்கள் அமைந்தன. குழுவுக்குத் தலைமை, அந்தக் குழுவிலிருந்தே வந்து பயிற்சி எடுத்தவர்கள். ஓராண்டு கூடினார்கள். கூட்டத்தோடு நிற்காமல் வீட்டுத் தோட்டம் போட்டார்கள், யோகா பழகினார்கள், சேர்ந்து நடந்தார்கள்.

முடிவு 2018-ல் வந்தது. குழுக்கள் இருந்த பகுதிகளில் இரண்டாண்டில் 14.9 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. இல்லாத பகுதிகளில் 17.1 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதை உறுதியான வேறுபாடாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆபத்து மதிப்பெண் குறைந்தது, மதுப் பழக்கம் குறைந்தது. சிலர் இதைத் தோல்வி என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மருத்துவமனைக்குள் பொறுக்கியெடுத்த, சோதனையில் பார்டர் என்று உறுதியானவர்களிடம் கிடைக்கிற பலன், ஊரின் நடுவில் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களிடம் அப்படியே கிடைக்காது. ஓராண்டில் கூட்டங்கள் நின்றுவிட்டால் நோய் காத்திருக்கும். ஊர்த் தடுப்பு வேலைக்கு இரண்டாண்டு போதாது. வாழ்க்கை முறை ஒரு தலைமுறையில் மாறியது. அதைத் திருப்ப இரண்டு பட்ஜெட் ஆண்டுகளில் அறிக்கை கேட்பது நியாயமில்லை.

கருவறையிலிருந்து

எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய ஒருவரைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: கர்ப்பிணி. தமிழ்நாடு இதில் நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம். டாக்டர் வி. சேஷய்யாவின் விடாமுயற்சியால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை சோதிக்க வேண்டும் என்று 2007-ல் அரசு ஆணையிட்டது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும் என்ற எளிய முறை அவர் கொண்டுவந்தது. வெறும் வயிற்றோடு பத்துக் கிலோமீட்டர் பயணம் செய்து வர முடியாத பெண்களை மனத்தில் வைத்து யோசித்த முறை. அவர் குழுவின் ஆய்வில் நகரத்துக் கர்ப்பிணிகளில் 17.8 சதவீதம், நகரத்தை ஒட்டிய பகுதிகளில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது.

பிரசவம் முடிந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். “குழந்தை பிறந்தா சரியாப் போயிடும்” என்று சொன்னது சரியாகிவிட்டதுபோல் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அவள் குழந்தைக்கும் ஆபத்து கூடுதல். நாட்டில் தடுப்புக்காக ஒரே ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்தப் பெண்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். வயது இருபத்தைந்து, முப்பது. பெயர், ஊர், கைப்பேசி எண் எல்லாம் சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் சமைக்கிறவர் பெரும்பாலும் அவர். அவர் தட்டு மாறினால் வீட்டின் தட்டுகள் மாறும்.

பிரசவமாகி ஆறாவது வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் குடித்துச் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறியில் இருக்கிறது. நடைமுறையில் தவறிப்போவது அந்தச் சோதனைதான். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனக்காக மருத்துவமனைக்குப் போக எந்தத் தாய்க்கும் மனம் வராது. அம்மா வீட்டில் இருப்பாள். பதிவு புகுந்த வீட்டு ஊரில் இருக்கும். ஆனால் அதே ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட எந்த ஊரில் இருந்தாலும் அவள் வருவாள். புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் இருப்பாள். ஊசி போட்ட பிறகு குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார நிழலில் ஓர் இடம், ஒரு பொட்டலம் குளுக்கோஸ், ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு துளி ரத்தம் பார்க்கும் கருவி. செவிலியரிடம் இவை எல்லாமே இருக்கின்றன. பார்டர் என்று வந்தால் அந்தப் பெண்ணின் பெயர் அன்றே அவள் ஊர்த் தன்னார்வலரின் பட்டியலில் ஏற வேண்டும், குழுவின் அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்ற தகவலோடு.